மாத்தச் சொல்லாத மெக்கானிக்

பீர்க்கன்கரணை ஏரிப் பக்கம் ஷெட் போட்டிருந்த அந்த மெக்கானிக்கை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பல்லைக் கடிக்கத்தான் தோன்றுகிறது. கார் இன்ஜினைப் பற்றி மனுஷனுக்குத் தெரியாதது கிடையாது. ஆனால் ஒரு சாமானை மாற்ற வேண்டுமா, வேண்டாமா என்று மட்டும் வாயால் சொல்ல மாட்டார். ப்ளக் செத்திருக்கும், சொல்ல மாட்டார். பெல்ட் இன்றைக்கோ நாளைக்கோ என்று கிடக்கும், சொல்ல மாட்டார். கழற்றி எடுத்து, வேஸ்ட் துணியில் துடைத்து, நம் உள்ளங்கையில் வைப்பார். "பாருங்கண்ணா" என்பார். அதோடு அவர் வேலை முடிந்தது. மிச்சம் நம் தலையெழுத்து.

என்னைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். சொன்னால்தான் என் எரிச்சல் புரியும். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். தாம்பரத்தில் கல்யாண வேனுக்கு க்ளீனராகத் தொற்றிக்கொண்டு வந்தவன், இன்றைக்கு அதே தாம்பரத்தில் டிராவல்ஸ் போர்டில் என் பெயரைப் பார்க்கிறேன். எவனும் கை கொடுத்துத் தூக்கிவிட்டு நான் மேலே வரவில்லை. நடையைப் பார்த்தே எந்த டிரைவர் பொய் சொல்லப் போகிறான் என்று கண்டுபிடித்துவிடுவேன். மேடவாக்கத்து ஐ.டி. கம்பெனிக்காரர்கள் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு என்னிடம் பேரம் பேசி, மூடிக்கொண்டு போயிருக்கிறார்கள். அப்பேர்ப்பட்ட என்னால் அந்த ஒரு ஆள் வாயிலிருந்து "மாத்துங்க" என்கிற ஒரு வார்த்தையைப் பிடுங்க முடியவில்லை.

முதல் தடவை நான் அங்கே போனது கேஸில் ஓடுகிற ஒரு வண்டிக்காக. என்னிடம் அப்போது டிரைவராக இருந்தவன் டேவிட். "ஒரே பேஜார் மொதலாளி, மேம்பாலம் ஏறவே மாட்டேங்குது, திக்கித் திக்கி போவுது" என்று புலம்பினான். கூட்டிக்கொண்டு போனேன். மெக்கானிக் ப்ளக்குகளைக் கழற்றிப் பேனட்டில் ஒரு பழைய பேப்பரை விரித்து வரிசையாகப் படுக்க வைத்தார். ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"என்னய்யா, ப்ளக்கு போச்சா?"

"பாருங்கண்ணா."

"பாத்துட்டேன். போச்சா?"

"நுனி தேஞ்சிருக்குது. கேஸ்ல ஓடுற வண்டில்ல, பெட்ரோலவிட சீக்கிரமா தேயும்."

"அப்ப மாத்தணும்."

"உங்க வண்டிண்ணா."

"என் வண்டின்னு எனக்குத் தெரியும்யா. மாத்தணுமா, இல்ல இன்னும் கொஞ்ச நாள் தாங்குமா? அதச் சொல்லு."

"தேச்சு, கேப் வெச்சுப் போட்டாலும் ஓடும். புதுசு போட்டாலும் ஓடும்."

இந்தப் பதிலை வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் என்ன செய்வான்? தேய்த்துப் போடச் சொன்னேன். எந்த வேன் முதலாளியாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பான். அவர் முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. எமரி பேப்பரில் பதமாகத் தேய்த்து, நுனியைத் தட்டி இடைவெளி சரி செய்து, மாட்டிக் கொடுத்தார். கொஞ்ச நாளில் டேவிட் மறுபடியும் அதே பாட்டைப் பாடினான். மறுபடியும் போனேன். மறுபடியும் கழற்றி என் உள்ளங்கையில் வைத்து, "பாருங்கண்ணா" என்றார். 'அன்னைக்கே சொன்னேனே' என்று சொல்லிக்காட்டவாவது ஒரு வழி வேண்டாமா? சொல்லியிருந்தால்தானே சொல்லிக்காட்ட முடியும். என்னாலும் 'ஏன் சொல்லல' என்று சண்டை போட முடியவில்லை. என் கையில் வைத்துக் காட்டியது நிஜம், நான் பார்த்ததும் நிஜம்.

சரி, கெட்டதை மட்டும் கையில் வைப்பார், அதைப் புரிந்துகொண்டு மாற்றிக்கொள்ளலாம் என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படித்தான் கணக்குப் போட்டேன். அதுவும் இல்லை. நல்லதையும் கழற்றிக் காட்டுவார், கெட்டதையும் அதே முகத்தோடு காட்டுவார். மாற்றினால் பழசை ஒரு கவரில் போட்டு, முடிச்சுப் போட்டு, "உங்க சாமான்" என்று டிக்கியில் வைத்துவிடுவார். வேண்டாம் என்றாலும் விட மாட்டார். என் வண்டி டிக்கிகளில் செத்துப்போன ப்ளக்குகள் குடும்பம் குடும்பமாகக் குடியிருந்தன.

அப்படியானால் ஏன் அங்கேயே போனாய் என்று கேட்பீர்கள். மற்ற ஒர்க்‌ஷாப்களைப் பார்த்தவன் நான். பேனட்டைத் திறப்பதற்கு முன்பே லிஸ்ட் போடுவார்கள். இப்போது என் பையன் சர்வீஸுக்கு வண்டி விடுகிற கண்ணாடி ஷோரூமில் டை கட்டிய பிள்ளை ஒன்று வந்து, வண்டியைத் தொடாமலே, "கிலோமீட்டர் ஆயிடுச்சு அங்கிள், ப்ளக், பெல்ட் எல்லாம் ரீப்ளேஸ் பண்ணிடலாம்" என்கிறது. அந்தப் பிள்ளைக்குத் தெரிந்தது கிலோமீட்டர் மட்டும். இந்த மனுஷனோ இன்ஜின் பக்கத்தில் நின்று, "காலையில மொத ஸ்டார்ட்ல கீச்சுங்குதா, ஏசி போட்டா கீச்சுங்குதா? மழையில நனைஞ்சா கத்துதா, வெயில்லயும் கத்துதா?" என்று டாக்டர் மாதிரி ஒவ்வொன்றாகக் கேட்பார். நானும் பொறுமையாகப் பதில் சொல்வேன். எல்லாம் கேட்டு முடித்துத் தலையாட்டுவார். நான் காத்திருப்பேன். ஒன்றும் வராது. வெற்று மருந்துச் சீட்டை நோயாளியிடமே நீட்டி, நீயே எழுதிக்கொள் என்கிற டாக்டரை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்திருக்கிறேன்.

அவர் சம்சாரம் பக்கத்துத் தெரு கான்வென்டில் டீச்சர். ஒருநாள் மனுஷன் சாமான் வாங்கத் தாம்பரம் போயிருந்தார். நான் ஷெட்டில் உட்கார்ந்திருந்தேன். அந்த அம்மா டீ கொண்டுவந்து கொடுத்தது.

"ஏம்மா, உங்க வீட்டுக்காரர் வீட்லயும் இப்படித்தானா?" என்று கேட்டேன்.

"அதை ஏண்ணா கேக்கறீங்க. சாம்பார்ல உப்பு போதுமான்னு கேட்டா, நீயே டேஸ்ட் பண்ணிப் பாருங்கறார். பொண்ணு எந்த குரூப் எடுக்கட்டும்னு கேட்டா, புக்கைக் கொண்டாந்து அவ கையில குடுக்கறார்."

"பொறவியிலேயே இப்படியா?"

அந்த அம்மா காலி டம்ளரை வாங்கிக் கீழே வைத்தது. பிறகுதான் சொன்னது. "முன்னாடியெல்லாம் நல்லா சொல்வார்ணா. இதை மாத்துங்க, இது இப்ப வேணாம், அடுத்த தடவ பாக்கலாம்னு தெளிவா சொல்வார். எங்க சர்ச்சுல பேங்க் சார் ஒருத்தர் இருந்தார். அவர் காருக்கு ப்ளக்கும் பெல்ட்டும் மாத்தணும்னு சொல்லி இவர் மாத்திக் குடுத்தார். அந்த சார் பழசைக் கவர்ல வாங்கிட்டு நேரா இன்னொரு கடைக்குப் போய்க் காமிச்சிருக்கார். அவங்க, இதெல்லாம் நல்லாத்தானே இருக்கு, எவன் மாத்தச் சொன்னான்னு கேட்டிருக்காங்க. ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சு எல்லாரும் வெளியே வர்ற நேரம், அந்தக் கவரை இவர் கையில குடுத்து, 'ஆண்டவர் பாத்துட்டே இருக்கார் தம்பி'ன்னு சொல்லிட்டுப் போய்ட்டார். திட்டலைண்ணா. திட்டியிருந்தாக்கூட இவர் திருப்பி ஏதாவது சொல்லியிருப்பார்."

இதைக் கேட்டு என் மனசு இளகியிருக்கும் என்று நினைக்காதீர்கள். எனக்குக் கோபம்தான் ஏறியது. எவனோ ஒருத்தன் ஒரு வார்த்தை சொன்னான் என்று வாயைத் தைத்துக்கொள்வதா? என்னைப் பற்றித் தாம்பரம் ஸ்டாண்டில் பேசாத பேச்சா? வேன் ஓனருக்கு வீடு கூட்டினவன் என்றார்கள், திருட்டு டயர் போடுகிறவன் என்றார்கள். நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் இன்றைக்கு எனக்கு ஒரு சைக்கிள்கூட மிஞ்சியிருக்காது. அதை அவரிடம் நேராகவே சொன்னேன். "நீங்க தைரியசாலிண்ணா" என்றார். பாராட்டா, வேறு ஏதாவதா என்று முகத்தைப் பார்த்தேன். தெரியவில்லை. முகம் பார்த்து ஆளைப் படிக்கிற என் வித்தை அந்த ஷெட் வாசலோடு சரி.

அந்த வருஷம்தான் காட்டாங்குளத்தூர் பக்கம் ஒரு காலேஜின் வண்டி வேலை எனக்குக் கிடைத்தது. ஏர்போர்ட்டிலிருந்து வெளிநாட்டு விருந்தாளிகளைக் கூட்டிவருவது, திரும்பக் கொண்டுபோய் விடுவது. பெரிய பெரிய கம்பெனிகள் வரிசையில் நின்றபோது நான் வேட்டியோடு போய் உட்கார்ந்து வாங்கிய வேலை அது. என் வாழ்க்கையில் அதற்கு மேல் ஒரு ஏணிப்படி இல்லை. அவர்கள் சொன்னது ஒன்றே ஒன்று. விருந்தாளி உள்ளே இருக்கும்போது வண்டி நடுரோட்டில் நிற்கக் கூடாது.

அதற்காக வண்டிகளை எல்லாம் அடிக்கடி ஷெட்டுக்கு ஓட்டிப்போனேன். ஒருநாள் ஒரு வண்டியின் பெல்ட்டைக் கழற்றிக் கொடுத்தார். மின்சாரம் எடுக்கிற ஆல்டர்னேட்டர், தண்ணி பம்ப், ஸ்டியரிங் பம்ப், ஏசி எல்லாவற்றையும் சுழற்றுவது அந்த ஒரு பெல்ட்தான். வளைத்துப் பார்த்தேன். வெடிப்பு இல்லை.

"நல்லாத்தானே இருக்குது?"

"பழைய பெல்ட்டுன்னா வெடிக்கும்ணா. இப்ப வர்றது வெடிக்காது. உள்ள இருக்கற பள்ளம்தான் ஆழமாவும். விரல விட்டுப் பாருங்க."

"ஆழமாயிருக்குதா?"

"விரல் உங்களுதுண்ணா."

ஸ்டியரிங் பிடித்துக் காய்த்துப்போன விரலில் என்ன தெரியும்? மாட்டச் சொன்னேன். மாட்டினார்.

அடுத்த வாரமே டேவிட் போன் செய்தான். பெருங்களத்தூர் நெரிசலில் இருந்தான். பின்னால் பஸ் ஹாரன் காதைக் கிழித்தது. "மொதலாளி, பெல்ட்டு பூட்ச்சு. ஸ்டியரிங் கல்லு மாரி கீது. சூடு முள்ளு மேல போய்கினே கீது, ஓரங்கட்டிட்டேன். வெள்ளக்கார ப்ரொபசர் கீழ எறங்கி வெயில்ல நின்னுகினு கீறாரு. இன்னா சொல்றதுன்னு தெரியல, இளநி வாங்கிக் குடுத்துகினு கீறேன்."

காலேஜ்காரர் மரியாதையாகத்தான் பேசினார். "சார், இது ஒரு தடவை. இன்னொரு தடவை ஆச்சுன்னா நாங்க வேற டிராவல்ஸ் பாத்துக்கறோம்."

நேராக ஷெட்டுக்குப் போனேன். ஏரிக்கரையில் நடந்துபோனவர்கள் நின்று பார்க்கிற அளவுக்குக் கத்தினேன்.

"உனக்குத் தெரியும்ல? அந்த பெல்ட்டு போவும்னு உனக்குத் தெரியும்ல?"

"காட்டினேண்ணா. நீங்க பாத்தீங்க."

"நானே பாத்து நானே சொல்றதுக்கு உனக்கு எதுக்குய்யா கூலி?"

அவர் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு நின்றார். "கழட்டி மாட்டறதுக்குண்ணா."

என்ன செய்வது இந்த ஆளை? வேறு வழியில் போய்ப் பார்த்தேன். "இது உன் வண்டியா இருந்தா மாத்துவியா?" என்று கேட்டேன்.

"எனக்கு ஏதுண்ணா வண்டி? சைக்கிள்தான்."

"சரி, சைக்கிள் செயின் தேஞ்சா?"

"மாத்திடுவேன். அது என் சைக்கிள்."

"அப்ப எங்கிட்ட சம்பளத்துக்கு வந்துடு. என் யார்டிலேயே இரு. என் வண்டி உன் வண்டி மாதிரி."

சிரித்தார். "மாதிரிதானேண்ணா" என்றார்.

எல்லாவற்றையும் மாதாமாதம் மாற்றித் தொலைப்பதற்குத் தொழில் எதற்கு, அந்தக் காசை ஏரியில் வீசலாம். வேறு மெக்கானிக்கிடம் போகவும் மனசு வரவில்லை. உலகத்திலேயே சரியான பதில் தெரிந்த ஒரு ஆள் எதிரில் நிற்கிறார், அந்தப் பதில் எனக்குக் கிடைக்காது. அந்த எரிச்சலில் வீட்டில் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்த நாட்கள் உண்டு.

காலேஜில் பட்டமளிப்பு விழா வந்தது. என் வண்டிகள் அத்தனையும் போக வேண்டும். ஒன்று நின்றாலும் வேலை போய்விடும். முதல் நாளே எல்லாவற்றையும் ஷெட் வாசலில் வரிசையாக நிறுத்தினேன். அவர் ஒவ்வொன்றாகப் பார்த்து, கழற்றிக் காட்டிக்கொண்டே வந்தார். நானும் பார்த்து, இது மாத்து, இது மாட்டு என்று சொல்லிக்கொண்டே போனேன். எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. கடைசி வண்டி, சீஃப் கெஸ்ட் ஏறப்போகிற பெரிய வெள்ளை வண்டி. இருப்பதில் புதுசு அதுதான். பெல்ட்டைக் கழற்றி என் விரலை அதில் வைத்தார். தடவிப் பார்த்தேன்.

"இது நல்லாருக்குது. மாட்டு."

அவர் மாட்டவில்லை. கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"மாட்டுய்யா."

"இன்னொரு வாட்டி பாருங்கண்ணா."

இத்தனை வருஷத்தில் இன்னொரு வாட்டி பாருங்கள் என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை. அதை நான் கவனித்திருக்கலாம். ஆனால் அந்த நேரம் பார்த்து காலேஜ்காரர் போனில் இருந்தார். எந்த வண்டி எந்தக் கேட் என்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் போனைக் காதில் வைத்துக்கொண்டே, "மாட்டுன்னேன்ல" என்று கையை ஆட்டினேன்.

அவர் பெஞ்சிலிருந்து பழைய ரம்ப பிளேடுத் துண்டை எடுத்தார். பெல்ட்டைப் பெஞ்சு விளிம்பில் அழுத்திப் பிடித்து, அறுத்தார். அது ஒன்றும் லேசில் அறுகிற சாமான் இல்லை. உள்ளே நூல் ஓடும். நின்று நிதானமாக, கழுத்து நரம்பு புடைக்க அறுத்தார். இரண்டு முனையும் தொங்கின. போனில் அந்த ஆள் "ஹலோ, ஹலோ" என்றுகொண்டிருந்தார்.

"யோவ், இன்னாய்யா பண்ணிட்ட?"

"இனிமே மாட்ட முடியாதுண்ணா" என்றார். பிளேடைப் பெஞ்சில் போட்டுவிட்டு இரண்டடி பின்னால் போனார். பயந்தது நான் இல்லை, அவர்தான்.

நான் திட்டியதை இங்கே எழுத முடியாது. அந்த வண்டிக்குப் பெல்ட் தாம்பரம் கடைகளில் இல்லை. மனுஷன் கையைக்கூடக் கழுவாமல் பெருங்களத்தூரில் ரயிலேறி, வண்டிச் சாமான் கடைகள் இருக்கிற ஜி.பி. ரோடு போய், புதுசு வாங்கிக்கொண்டு, விளக்குப் போடுகிற நேரத்துக்கு வந்து மாட்டினார். அதற்கு என்னிடம் காசு வாங்கவில்லை. நீட்டியபோது கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

விழா அன்றைக்கு ஒரு வண்டியும் நிற்கவில்லை. வெள்ளை வண்டி ஏர்போர்ட்டுக்கும் காலேஜுக்குமாக நாள் முழுக்க ஓடியது. காலேஜ்காரர் என் கையைப் பிடித்துக் குலுக்கி, அடுத்த வருஷமும் நீங்கள்தான் என்றார். எனக்குக் கால் தரையில் இல்லை. ஸ்வீட் பாக்ஸ் வாங்கிக்கொண்டு நேராக ஷெட்டுக்குப் போனேன். இனிமேல் நமக்குள் ஒரு வழி கிடைத்துவிட்டது, சொல்லத்தான் மாட்டான், அறுத்தாவது காட்டுவான் என்று மனசுக்குள் திட்டமே போட்டுவிட்டேன்.

அவர் ஒரு இனிப்பை எடுத்துக்கொண்டார். பாக்ஸைத் திருப்பித் தந்தார். "இனிமே உங்க வண்டிய இங்க கொண்டு வராதீங்க சார்" என்றார்.

எனக்கு முதலில் உறைத்தது அந்தக் கடைசி வார்த்தைதான். "சாரா? எப்பலேந்துய்யா நான் சாரு?"

"நீங்க மாட்டச் சொன்ன சாமான நான் அறுத்தேன்."

"அறுத்ததாலதான்யா என் வேலை நெலைச்சுது. அது போயிருக்கும்ல? ரோட்டுல போயிருக்கும்ல?"

"போயிருந்தா உங்களுக்கு நல்லது. எனக்கு அறுத்தது அறுத்ததுதான் சார். வேற ஒருத்தர் சாமான்." துணியில் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார். "ஒருவாட்டி ருசி கண்டுச்சு. அடுத்தவாட்டி இந்தக் கை கேக்காது. நல்ல பெல்ட்டையும் அறுத்துடும்."

பேசிப் பார்த்தேன். அதட்டிப் பார்த்தேன். அந்த டீச்சரம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். "நான் சொன்னா கேப்பார்னு நினைக்கறீங்களாண்ணா" என்று அது என்னையே கேட்டது. பக்கத்து வீட்டு வண்டி, பால்காரர் வேன், எல்லாவற்றையும் அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். என் வண்டிக்கு மட்டும் கதவு சாத்தியாகிவிட்டது.

நான் இல்லாமல் போனால் ஒருவேளை பார்ப்பார் என்று, ஒரு மாதம் விட்டு டேவிட்டை அந்த வெள்ளை வண்டியோடு தனியாக அனுப்பினேன். போன வேகத்தில் திரும்பி வந்தான்.

"பாத்தாராடா?"

"ஸ்டார்ட் பண்ணச் சொன்னாரு மொதலாளி. பக்கத்துல வந்து கொஞ்ச நேரம் கேட்டுகினே இருந்தாரு. அப்பால ரெண்டு கையையும் பின்னால கட்டிகினாரு. எடுத்துனு போன்னு தலையால சொன்னாரு."

"என்ன கேட்டுச்சாம் அவருக்கு?"

"அதச் சொல்லலியே மொதலாளி."

அந்த வண்டியில் ப்ளக், பெல்ட், கழற்ற முடிந்த அத்தனையையும் வேறு ஒரு கடையில் மாற்றினேன். அதில் எது போயிருந்தது, ஏதாவது போயிருந்ததா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.